தட்டில் பதிந்த கை

ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு பயிற்சி நாள். தொற்றுத் தடுப்புக் குழுவினர் எங்கள் வார்டுக்கு வந்து ஆளுக்கொரு பெரிய தட்டை நீட்டினார்கள். உள்ளே ரத்த அகார், அதாவது கிருமி வளர்ப்பதற்கான ரத்தம் கலந்த கூழ், கருஞ்சிவப்பாகத் தளதளவென்று இருந்தது. வலது கையை விரித்து அதன்மேல் லேசாக அழுத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். இரண்டு நாள் 37 டிகிரி சூட்டில் வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்கள்.

மற்றவர்களுடைய தட்டுகளில் அங்கங்கே வெள்ளையாகப் பொட்டுகள், மணல் தூவியதுபோல. ஒரு தட்டில் மட்டும் கையே முளைத்திருந்தது. விரல் மடிப்புகளில் இருந்த வெடிப்புகள், கட்டைவிரல் அடியில் ஓடிய பிளவு, உள்ளங்கையின் செதில் விட்ட ஓரம் எல்லாம் பொன்மஞ்சள் நிறத்தில் கோடு கோடாக வளர்ந்திருந்தன. ஒவ்வொரு மஞ்சள் பொட்டைச் சுற்றியும் சிவப்பு அகார் வெளுத்து ஒரு வளையம் விழுந்திருந்தது. ரத்த அணுக்களைச் சிதைக்கிற கிருமி விட்டுப்போகும் வளையம் அது. படிக்கிற காலத்திலேயே பார்த்துப் பழகிய அடையாளம்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

எண்ணைப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தக் கை யாருடையது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் செவிலியர். ஒரு கிலோ எடைகூட இல்லாத, அடியில் ஓடும் நரம்பெல்லாம் தெரிகிற தோல் கொண்ட குழந்தைகளைத் தூக்குகிற கை இது. அந்த மேசையருகே நின்றபோது எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் கையால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்து, “கையை இன்னும் நல்லாக் கழுவணும் சிஸ்டர்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் அதிகமாகக் கழுவினேன். ஒரு வாரம் வீட்டில் ப்ளீச்சிங் கரைசலில்கூடக் கையை ஊறவைத்தேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். நான்காம் நாள் விரல் நுனிகளில் தோல் உரிந்து, பேனா பிடிக்க முடியவில்லை.

அந்த நாட்களில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது எக்ஸிமா, பொதுவாகக் கரப்பான் என்று சொல்வது. அது கையில் வந்து, மூன்று மாதத்துக்கு மேல் ஆறாமல் நீடித்தாலோ, ஒரே வருடத்தில் இரண்டு முறையாவது திரும்ப வந்தாலோ, அதை நாள்பட்ட கை எக்ஸிமா என்கிறார்கள். அரிதான நோய் இல்லை. பொதுமக்களிடையே நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், எந்த ஒரு வருடத்திலும் கிட்டத்தட்டப் பத்துப் பேரில் ஒருவருக்குக் கையில் எக்ஸிமா வந்துபோகிறது. முடி திருத்துபவர்கள், சமையல் வேலை செய்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், செவிலியர்கள் என்று கை நனைகிற வேலைக்காரர்களிடம் இன்னும் அதிகம். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ, அதை ‘ஈர வேலை’ என்று தொழில்நல விதிகள் வகைப்படுத்துகின்றன. என் ஒரு ஷிப்டில் இருபது தடவை என்பது மதியத்துக்குள் முடிந்துவிடும்.

நம் மொழியில் ‘கிருமி’ என்று சொன்னவுடனே ‘நாசினி’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என் தவறு அங்கிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். கையில் இருக்கும் உயிர் எல்லாமே வெளியிலிருந்து வந்த அழுக்கு, தேய்த்தால் போய்விடும் என்று நம்பினேன். இந்தக் கணக்கு சரியில்லை என்று 1938-லேயே அமெரிக்காவில் பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் காட்டிவிட்டார். அவர் செய்த சோதனை எளிமையானது. வரிசையாகப் பேசின்கள், எல்லாவற்றிலும் கிருமி நீக்கிய தண்ணீர். ஒரு பேசினில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், அப்புறம் அதற்கடுத்தது. ஒவ்வொரு பேசின் தண்ணீரிலும் எவ்வளவு பாக்டீரியா இறங்கியிருக்கிறது என்று எண்ணினார். முதல் சில பேசின்களில் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அதன்பிறகு எத்தனை பேசின் போனாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்ததே தவிர, தீரவில்லை. ஆக, கையில் இரண்டு வகை உண்டு. தொட்ட பொருளிலிருந்து ஒட்டிக்கொண்டு, கழுவினால் போய்விடுகிற வந்துபோகிறவர்கள் ஒரு வகை. தோலின் இடுக்கிலேயே குடியிருப்பவர்கள் இன்னொரு வகை. செவிலியர் படிப்பில் இன்றும் இந்தப் பிரிவைத்தான் சொல்லித் தருகிறார்கள். நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் என் கையைப் பற்றியதுதான் அந்தப் பாடம் என்று அப்போது உறைக்கவில்லை.

குடியிருப்பவர்கள் எத்தனை விதம் என்பது டி.என்.ஏ. முறைகள் வந்த பிறகுதான் தெரிந்தது. 2008-இல் கொலராடோவில் நோவா ஃபியரர் குழு 51 மாணவர்களின் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்தெடுத்துப் பார்த்தது. ஒரு உள்ளங்கையில் சராசரியாக 150-க்கும் மேற்பட்ட வகைகள். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. ஒரே ஆளின் இடது கைக்கும் வலது கைக்கும் பொதுவாக இருந்தவை வெறும் 17 சதவீதம்தான்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு இந்த ஊரில் நிரந்தர முகவரி கிடையாது. அதன் சொந்த வீடு மூக்கு. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-களில் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, திராட்சைக் குலைபோல இருக்கிறது என்று கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். 1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் அதன் பொன்னிறத்தைப் பார்த்து ‘ஆரியஸ்’ என்று சேர்த்தார். நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதை மூக்கில் வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறோம். நலமான கைக்கும் அது வரும். வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

எக்ஸிமா உள்ள கையில்தான் அது போக மறுக்கிறது. டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வை என் தோல் மருத்துவர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். கை எக்ஸிமா உள்ள 50 பேரில் 24 பேருடைய கையில் ஆரியஸ் இருந்தது. எக்ஸிமா இல்லாத 50 பேரில் 4 பேரிடம் மட்டுமே. யாருக்கு எக்ஸிமா கடுமையோ அவர்களிடம்தான் அது அதிகம். அவர்களுடைய மூக்கில் இருந்ததும் கையில் இருந்ததும் ஒரே வகை. என் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள், அதே முடிவுதான் வந்தது. நான் வார்டிலிருந்து எதையோ அள்ளிக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தேன். அது என் மூக்கிலேயே இருந்தது.

ஏன் அங்கே தங்குகிறது? நான் கழுவியதால்.

தோலின் மேலடுக்கு, ஓடு வேய்ந்த கூரைபோலத் தட்டையான செத்த செல்களால் ஆனது. ஓடுகளுக்கு இடையில் கொழுப்பு. அந்த அடுக்கு முழுக்கவே லேசான அமிலத்தன்மை, பி.எச். ஏறக்குறைய 5. ஹைன்ரிக் ஷாடேவும் ஆல்ஃபிரட் மார்க்கியோனினியும் 1928-இல் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்தார்கள். அமிலத்தில் ஆரியஸ் சிரமப்படுகிறது, வழக்கமான குடியிருப்பாளர்கள் சுகமாக இருக்கிறார்கள். சோப்புக் கட்டியோ காரம், அதன் பி.எச். 9, 10 என்று இருக்கும். ஒரு முறை கழுவினால் சில மணி நேரத்தில் தோல் பழைய நிலைக்கு வந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவினால்? கொழுப்பு கரைகிறது, அமிலம் போகிறது, ஓடுகள் தூக்கிக்கொள்கின்றன. உள்ளங்கைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அங்கே எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்தில் போன கொழுப்பை முகமே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும், உள்ளங்கைக்கு அந்த வசதி இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவு. தோலின் ஈரத்துக்கும் அமிலத்துக்கும் தேவையான பொருட்கள் அதிலிருந்துதான் கிடைக்கின்றன. அந்த மரபணுக் குறைக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது.

தூக்கிக்கொண்ட ஓட்டின் ஓரத்தில் ஆரியஸ் பிடித்துக்கொள்ள ஏதுவான புரதங்கள் வெளியே தெரிகின்றன. பிடித்த பிறகு அது சும்மா இருப்பதில்லை. புரதத்தை அறுக்கும் நொதிகளை விட்டுக் கூரையை மேலும் பிரிக்கிறது. அதன் நஞ்சுகளில் ஒரு வகை ‘சூப்பர் ஆன்டிஜென்’. வழக்கமான தொற்றில் நோயெதிர்ப்பு டி செல்களில் மிகச் சிலவே விழித்துக்கொள்ளும். இந்த நஞ்சு அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் கிளப்பிவிடக் கூடியது. இன்னொன்று டெல்டா நஞ்சு, ஒவ்வாமையைக் கிளப்பும் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களை வெடிக்க வைப்பது. 2013-இல் எலிகளில் காட்டினார்கள்.

அரிப்பைப் பற்றிய செய்திதான் என்னை உட்கார வைத்தது. அழற்சி வருவதால் அரிக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்லிவந்தோம். 2023-இல் ஹார்வர்டில் ஐசக் சியூவின் ஆய்வகம், ஆரியஸ் விடும் வி8 என்ற நொதி நேரடியாகவே தோல் நரம்பின் ஒரு ஏற்பியைத் தட்டி அரிப்பைக் கிளப்புகிறது என்று எலிகளில் நிரூபித்தது. அந்த ஏற்பியை மருந்தால் அடைத்தால் எலிகள் சொறிவது குறைந்தது, தோல் சேதமும் குறைந்தது. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து, விரல் இடுக்கைக் கட்டில் விளிம்பில் வைத்துத் தேய்த்திருக்கிறேன். கொஞ்சம் மனதை அடக்கினால் சொறியாமல் இருக்கலாமே என்று வீட்டில் அன்பாகத்தான் சொன்னார்கள். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இப்போது அவர்களுக்குச் சொல்ல முடிகிறது.

இதில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன நஞ்சு ஆய்வுகள் பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும் அடோபிக் எக்ஸிமாவைப் பற்றியவை. கை எக்ஸிமா ஒரே நோய் அல்ல. சோப்பும் தண்ணீரும் எரிச்சலூட்டி வருவது உண்டு, ஏதோ ஒரு பொருளுக்கு ஒவ்வாமையால் வருவது உண்டு, பரம்பரையாக ஒவ்வாமைக்குச் சாயும் அடோபிக் உடல்வாகால் வருவதும் உண்டு. பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். எல்லாருடைய கையிலும் பாக்டீரியாவின் பங்கு ஒரே அளவு இல்லை. டென்மார்க் ஆய்விலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களுடைய கையில் ஆரியஸ் இல்லையே.

சரி, அப்படியானால் ஆன்டிபயாடிக் போட்டு ஒழித்துவிடலாம் அல்லவா? நானும் போட்டேன். ஃபியூசிடிக் ஆசிட் களிம்பு, விட்டு விட்டு ஏழெட்டு மாதம். போடும்போது அடங்கும், நிறுத்திய பதினைந்தாம் நாள் திரும்ப வரும். பிரிட்டனில் லேசாகத் தொற்றிய எக்ஸிமா உள்ள 113 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஒரு பரிசோதனையில், வாய்வழி மருந்தாலோ களிம்பாலோ சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. வருவதெல்லாம் மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிதான். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி அதை வளர்க்கவே கூடாது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுவது, சீழ், அரிப்புக்குப் பதில் வலி, சூடு, கை மேலே ஏறும் சிவப்புக் கோடு, காய்ச்சல் இவையெல்லாம் வந்தால் அது வேறு விஷயம். அப்போது ஆன்டிபயாடிக் தேவை, தாமதிக்கவே கூடாது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக எனக்கும் மூக்கில் ஐந்து நாள் முப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள், அது அவசியமாகத்தான் இருந்தது. நான் சொல்வது, இப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே நீடிக்கிற எக்ஸிமாவுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் களிம்பு தடவுவதைப் பற்றி.

வட்டம் உடைந்தது வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான். அவர் என் கையைத் தன் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் விரலாகப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அதுவரை யாரும் தொட்டதில்லை.

“கிருமியாலதான் தோல் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறீங்க, இல்லையா சிஸ்டர்? தோல் கெட்டதால கிருமி தங்கிச்சு. தங்கின பிறகு அது தோலை ஆறவிடல. நீங்க கிருமிப் பக்கமிருந்தே அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. தோல் பக்கமிருந்து வாங்க.”

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை எழுதித் தந்தார்.

“ஸ்டீராய்டு போட்டா கிருமி இன்னும் பெருகாதா டாக்டர்?”

“போட்டுட்டு, தட்டுல வளர்த்துப் பாருங்க” என்றார்.

அவர் சொன்னது சரி. ஸ்டீராய்டு களிம்புக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி இல்லை. இருந்தும் எக்ஸிமாவில் அதைத் தடவினால் ஆரியஸ் குறைகிறது. காரணம், அழற்சி நடக்கும்போது தோல் தன் சொந்தக் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. அழற்சி அடங்கினால் அந்தச் சுரப்பு திரும்புகிறது, கூரை மூடிக்கொள்கிறது, பிடிமானம் போகிறது. டுபிலுமாப் என்ற ஊசி மருந்திலும் இதே கதைதான். பாக்டீரியாவைத் தொடவே தொடாத மருந்து, ஆனால் ஆரியஸ் இறங்கிப் பலவகைக் குடியிருப்பாளர்கள் திரும்புகிறார்கள். இப்போது நாள்பட்ட கை எக்ஸிமாவுக்கென்றே டெல்கோசிட்டினிப் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025-இலும் அனுமதி கிடைத்தது.

நல்ல குடியிருப்பாளர்களையே மருந்தாக்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காலோ குழு, நலமான தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸின் ஒரு வகையைக் களிம்பில் கலந்து அடோபிக் எக்ஸிமா உள்ளவர்களுக்குத் தடவியது. 2021-இல் வெளியான முடிவில் ஆரியஸ் குறைந்தது உண்மை, ஆனால் எக்ஸிமாவின் கடுமை எல்லாரிடமும் குறைந்துவிடவில்லை. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனாலும் கடையில் ‘புரோபயாடிக்’ என்று எழுதிய கிரீமை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஆறு வாரம் குழந்தைகளைத் தொடாத வேலை கொடுத்தார்கள். அழுதேன், பிறகு ஒப்புக்கொண்டேன். இரவில் களிம்பு, அதன்மேல் வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர், பருத்திக் கையுறை. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். அதன் அடியில் சோப்பும் ஈரமும் தங்கும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சோப்புக்குப் பதில் ஆல்கஹால் திரவம். இது பலருக்கும் தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் வெடித்த தோலில் ஆல்கஹால் சுரீரென்று எரிகிறது, சோப்பு எரிவதில்லை. ஆனால் எரிவது வேறு, கெடுப்பது வேறு. மென்மையூட்டி கலந்த ஆல்கஹால் திரவம், சோப்பும் தண்ணீரும் அளவுக்குத் தோலின் கொழுப்பை அடித்துக்கொண்டு போவதில்லை. இதற்காக வார்டில் எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று கண்டுபிடிக்க முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னும் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு இடங்கள் சிவந்திருந்தன. ஒன்று, கையுறை ரப்பரில் சேர்க்கும் தையூராம். இன்னொன்று மெத்தில்ஐசோதையசோலினோன், திரவச் சோப்பிலும் ஈரத் துடைப்பான்களிலும் பாக்டீரியா வளராமல் இருக்கப் போடும் பொருள். ஐரோப்பாவில் தடவி விட்டுவிடும் அழகுசாதனங்களில் அதை 2017-லிருந்து தடை செய்திருக்கிறார்கள். புட்டியில் பாக்டீரியா வளராமல் காத்த பொருள், என் கையில் அவை குடியேற வழி திறந்துவிட்டிருந்தது.

கையுறை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். கரோலின் ஹாம்ப்டன், 1889-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்குச் செவிலியர். அன்றைய கிருமிநாசினியான மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் அவருடைய கைத்தோல் புண்ணாகிவிட்டது. வேலையை விட்டுவிடுவார் போலிருக்க, அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்ய வைத்தார். நோயாளியைக் காப்பாற்ற வந்ததாக நாமெல்லாம் நினைக்கும் அறுவை அரங்குக் கையுறை, ஹாப்கின்ஸில் முதலில் வந்தது ஒரு செவிலியரின் கையைக் காப்பாற்ற. செவிலியரின் தோலைப் பார்த்துக்கொண்டதில் நோயாளிகளுக்குத் தொற்றும் குறைந்தது. பணியாளரின் கைத்தோல் என்பது அழகுப் பிரச்சினை, அவரவர் சொந்தப் பாடு என்று இன்றும் நினைக்கிற நிர்வாகங்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கும். வெடித்த கை, கழுவினாலும் சுத்தமாகாத கை. அதை ஆற்றுவதும் தொற்றுத் தடுப்பு வேலைதான்.

இந்தச் சிகிச்சை தொடங்கிய ஐந்தாவது மாதம் நானாகவே போய் இன்னொரு தட்டு கேட்டேன். அதே ரத்த அகார், அதே 37 டிகிரி, அதே இரண்டு நாள். தொற்றுத் தடுப்பு சிஸ்டர் தட்டை விளக்கின்கீழ் சாய்த்துப் பிடித்தார். மஞ்சள் பொட்டுகள் ஆறு, எல்லாம் கட்டைவிரல் அடியில் பழைய பிளவு இருந்த இடத்தில். “பாருங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கு” என்றார். நான் மஞ்சளைப் பார்க்கவில்லை. உள்ளங்கை முழுக்க, விரல்கள் முழுக்க, சின்னதும் பெரியதுமாக வெள்ளைப் பொட்டுகள். முதல் தட்டில் வெள்ளை ஒன்றுகூட இருந்த நினைவு எனக்கில்லை. அன்றைக்கு மஞ்சளை மட்டுமே பார்த்துப் பயந்தோம், வெள்ளை காணாமல் போயிருந்ததை நானும் கவனிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

குளிர் மாதங்களில் கட்டைவிரல் அடியில் இன்னும் கோடு விழும். போன வாரமும் விழுந்தது. களிம்பும் பருத்திக் கையுறையும் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.